விசுவாசம் தளர்ந்து நிற்பவரிடம் என்ன சொல்வது?

உங்கள் சபையில் ஒரு அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் செயலிழந்து நீண்ட காலமாக டயாலிசிஸ் நடக்கிறது. சபையே உபவாசமிருந்து ஜெபித்தும் சுகம் வரவில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் அந்த அக்கா "இனிமேல் என்னால் ஜெபிக்க முடியவில்லை" என்று சொன்னபோது, சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு வசனம் சொல்லி, "விசுவாசத்தை விட்டுடாதீங்க, அற்புதம் நடக்கும்" என்றார்கள். அதன் பிறகு அவர் ஆலயத்துக்கே வருவதில்லை. அவரை எப்படித் திடப்படுத்துவது, அவர் பெயரை ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது கடைசியில் எழுதியிருக்கும் வரிதான் என்று நினைக்கிறேன்: "எனக்கே பயமாக இருக்கிறது. கடவுளை நம்புங்கள் என்று நான் போய்ச் சொன்னால் அது மாய்மாலம் ஆகாதா?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. இறையியல் படித்துவிட்டு, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளைச் சந்தித்துத் தேற்றி ஜெபிக்கும் ஊழியராக, பல வருடம் வேலை பார்த்தேன். டயாலிசிஸ் பிரிவு நான் அடிக்கடி போய் உட்கார்ந்த இடம். நான் மருத்துவர் இல்லை. அந்த அக்காவை நேரில் பார்த்ததும் இல்லை. அந்த வரம்புக்குள் நின்றுதான் எழுதுகிறேன்.

பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக இருக்கிறது. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறது 56ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கின்றன. மாற்கு 9இல், பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன்" என்று சொன்ன அதே மூச்சில் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்றும் கதறுகிறான். முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். பவுலையும் பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ஆசியாவில் நேர்ந்த உபத்திரவத்தைப் பற்றி எழுதும்போது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். அதே நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியாவுக்கு வந்தபோது "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று மறைக்காமல் எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கு உள்ளே பயம் இருக்கலாமென்றால் உங்களுக்கும் இருக்கலாம். பயமே இல்லாதவர் மாதிரி பேசினால்தான் மாய்மாலம்.

அந்தப் பயத்தில் பவுலுக்கு ஆறுதல் எப்படி வந்தது? "சிறுமைப்பட்டவர்களுக்கு ஆறுதல் செய்கிற தேவன் தீத்து வந்ததினாலே எங்களுக்கு ஆறுதல்செய்தார்." தரிசனம் வரவில்லை, வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. தீத்து வந்தார். ஆறுதல் கொடுத்தவர் தேவன்தான் என்று பவுல் சந்தேகமில்லாமல் சொல்கிறார். அது வந்த வழி, பயணக் களைப்போடு வந்து சேர்ந்த ஒரு மனிதர். கடவுளை நம்புவதும் சக விசுவாசியைத் தேற்றுவதும் தனித்தனிக் காரியங்கள் என்று நாம் நினைக்கிறோம். எனக்குத் தெரிந்தவரை, பெரும்பாலான நாட்களில் இரண்டாவதன் வழியாகத்தான் முதலாவது நடக்கிறது. அந்த அக்காவால் இன்று கடவுளை நம்ப முடியுமா என்பது, இந்த வாரம் யாராவது அவர் வீட்டுக்குப் போகிறார்களா என்பதோடும் சேர்ந்தது. ஆகவே உங்கள் விசுவாசம் பலப்பட்ட பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, ஜெபக்கூட்டத்தில் நடந்தது எங்கே பிசகியது? வசனம் சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. அன்பினால்தான் சொல்லியிருப்பார்கள். யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து, துக்கம் மிகவும் கொடியது என்று கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பேச ஆரம்பித்த பிறகு, கடவுள் நீதியுள்ளவர், ஆகவே உன்னிடம்தான் ஏதோ குறை என்று நிரூபிக்க முயன்றார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது, முறையிட்டுக் கத்திய யோபுவின் மேல் அல்ல. தம்மை நியாயப்படுத்த வந்த எலிப்பாசின் மேலும் அவன் இரண்டு சிநேகிதர்மேலும்தான். தேற்றப் போகிற ஒவ்வொருவரும் யோபு 42:7ஐ ஒருமுறை படித்துவிட்டுப் போகலாம்.

வசனங்களை எடுத்துப் பேசும் முறையிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்கிப் பழகிய நாம், வசனத்தை அதன் இடத்திலிருந்து தனியே பிய்த்து எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். எரேமியா 29:11 எத்தனை வீடுகளில் சுவரில் தொங்குகிறது! சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், எழுபது வருடம் ஆகும் என்று சொன்ன பிறகுதான் அந்த வாக்கு வருகிறது. முழுக் கடிதத்தையும் படித்தால், டயாலிசிஸ் மாதிரி நீண்டுபோகும் துன்பத்துக்கு அது உண்மையிலேயே பொருந்தும். அந்த ஒரு வரியை மட்டும் படித்தால், எரேமியா எதிர்த்த தீர்க்கதரிசிகள் சொன்னதையே நாமும் சொன்னதாக ஆகிவிடும். இன்னொன்று பிலிப்பியர் 4:13. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பிள்ளைகளின் பரீட்சை அட்டையில்கூட எழுதுகிறோம். பட்டினியையும் நிறைவையும் தாங்கக் கற்றுக்கொண்ட ஒரு கைதி எழுதிய வரி அது. அடுத்த வசனத்தை யாரும் அட்டையில் போடுவதில்லை. "ஆனாலும், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்குபெற்றது நல்லது" என்கிறார் பவுல். எப்பாப்பிரோதீத்துவின் கையில் பிலிப்பி சபை கொடுத்தனுப்பிய உதவிக்குத்தான் இந்த நன்றி.

சுகம் கிடைக்குமா என்பதற்கு வருகிறேன். கடவுளால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அண்ணனின் நோய் பாவத்துக்குத் தண்டனை என்றோ, குடும்பத்தின் விசுவாசக் குறைவு என்றோ சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். யோவான் 9இல் பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் அப்படிக் கேட்டபோது இயேசு நேரடியாக மறுத்தார். இந்த மனிதருக்கு இந்த வருடம் சுகம் வரும் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். சுகம் சிலுவையில் எல்லோருக்கும் வாக்களிக்கப்பட்டது என்று போதிக்கும் சபைகள் உண்டு. ஏசாயா 53ஐயும் மத்தேயு 8:17ஐயும் காட்டுவார்கள். அந்த நம்பிக்கையோடு ஜெபிக்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதை ஒவ்வொரு நோயாளிக்கும் தேதி குறிப்பதுபோல் எடுத்துக்கொள்ள வேதமே இடம் கொடுக்கவில்லை. பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்தார். தன் மாம்சத்தில் இருந்த "முள்" என்று அவர் சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டினார், அது எடுக்கப்படவில்லை. எபிரெயர் 11ஐ 35ஆம் வசனத்தில் நிறுத்தாமல் படித்தால், விசுவாசத்தினாலே பட்டயத்துக்குத் தப்பினவர்களும், அதே விசுவாசத்தோடு பட்டயத்தினால் வெட்டப்பட்டவர்களும் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விசுவாசத்தோடு மருந்தையும் டயாலிசிஸையும் நிறுத்துங்கள் என்று யாராவது அந்தக் குடும்பத்திடம் சொன்னால், தயவுசெய்து எதிர்த்துப் பேசுங்கள். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுசு என்று கர்த்தரே வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்கும் மருந்தும் அங்கே ஒன்றாகத்தான் போயின.

"ஜெபிக்க முடியவில்லை" என்று அந்த அக்கா சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது? அதை அவிசுவாசத்தின் அறிக்கையாக நான் கேட்கவில்லை. அதை அவர் ஜெபக்கூட்டத்தில் வந்து சொன்னாரே! கடவுளை உதறியவர் அங்கே வரவேண்டிய அவசியமே இல்லை. சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் கடைசிவரை வெளிச்சமே இல்லாமல், சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்ற முறையீட்டோடு முடிந்துவிடுகிறது. அதையும் இஸ்ரவேலர் ஆராதனையில் பாடினார்கள். நம் ஆராதனைகளில் சாட்சி சொல்ல ஜெயித்தவர்களை மட்டும் அழைக்கிறோம். இன்னும் காத்திருக்கிறவர்களுக்கு மைக் கொடுப்பதில்லை. பிறகு அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கிறோம். எனக்கு இது பெரிய வருத்தம். ஜெபிக்க முடியாதவருக்காக மற்றவர்கள் ஜெபிக்கலாம் என்பதற்கு மாற்கு 2 போதும். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை" என்று எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: "நீங்க இப்ப ஜெபிக்க வேண்டாம்க்கா, உங்களுக்காக நான் ஜெபிக்கிறேன்." பல பேருக்கு இதைக் கேட்டதும்தான் கண்ணீரே வரும்.

எப்படிப் போவது என்று இப்போது சொல்கிறேன். டயாலிசிஸ் பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல நடக்கும். போக வர நேரத்தையும் சேர்த்தால் பாதி நாள் போய்விடும். முடித்து வந்த அன்று நோயாளி கசக்கிப் போட்டதுபோல் இருப்பார். அன்று மாலை பத்துப் பேர் போய் ஒரு மணி நேரம் பாடி ஜெபித்தால் அது அவருக்குப் பாரம். இடையில் வரும் நாளில், இரண்டு பேராகப் போங்கள். போகும்போது இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி வாங்கிப் போகாதீர்கள். நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போனால் இதைத்தான் தூக்கிக்கொண்டு போவோம். ஆனால் இவற்றில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத் துடிப்பையே பாதிக்கலாம். தண்ணீருக்கும் உப்புக்கும் அளவு சொல்லியிருப்பார்கள். காபி குடியுங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். என்ன கொண்டுவரலாம் என்று அக்காவிடமே கேட்டுவிடுங்கள். அவர் கணவரை உபவாசமிருக்கச் சொல்லவே கூடாது. அப்புறம், ஜெபிக்கும்போது கையைப் பிடிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஒரு கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருப்பார்கள். அந்தக் கையை அழுத்திப் பிடிக்கக் கூடாது. எந்தக் கை என்று கேட்டுவிட்டு மற்றக் கையைத் தொடுங்கள்.

வருகிறவர்கள் எல்லோரும் நோயாளியிடம் நலம் விசாரிப்பார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் "நீங்க சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று கேட்பவர்கள் குறைவு. வார்டுக்கு வெளியே பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். ஒரு நாள் அந்தப் பெஞ்சில் அவருக்குப் பதிலாக நீங்கள் உட்காருங்கள், அவர் வீட்டில் தூங்கட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு அலைய ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். இதெல்லாம் ஆவிக்குரிய வேலையா என்று சிலர் கேட்பார்கள். சூரைச்செடியின் கீழே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று படுத்துவிட்ட எலியாவுக்கு, தூதன் முதலில் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். அவன் சாப்பிட்டுத் தூங்கினான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் வந்தது.

என்ன பேசுவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. "ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள்" என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் பிரித்துச் சொல்கிறார். நம் தவறு, தேற்றவேண்டியவருக்கும் தாங்கவேண்டியவருக்கும் புத்தி சொல்லிவிடுவது. பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினார். மரியாளோடு அழுதார். கேள்வி ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அக்கா மார்த்தாளா மரியாளா என்பது போய் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். "ஏன் இப்படி?" என்று அவர் கேட்டால், "எனக்கும் தெரியலக்கா" என்று சொல்லலாம், அது உண்மை. உங்கள் பயத்தையும் ஒன்றிரண்டு வார்த்தையில் சொல்லலாம். அவர் உங்களைத் தேற்ற வேண்டிய அளவுக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். வசனம் வாசிக்கலாமா என்று கேட்டு, அவர் சரி என்றால் ஒரு சங்கீதம் வாசியுங்கள். 13ஆவது நல்லது, ஆறே வசனம்.

இவ்வளவு செய்தும் அவர் மாறவில்லை என்றால்? இதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஓல்னி என்ற சிற்றூரில் போதகராக இருந்த ஜான் நியூட்டனும் கவிஞர் வில்லியம் கூப்பரும் நெருங்கிய நண்பர்கள். 1773இல் கூப்பர் கடுமையான மனச்சோர்வில் விழுந்தார். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று உறுதியாக நம்பினார். ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினார். நியூட்டன் அவரைத் தன் வீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1779இல் வெளியிட்ட பாடல் தொகுப்பில், கூப்பர் முன்பு எழுதிய பாடல்களைத் தன் பாடல்களோடு சேர்த்துப் போட்டார். 1780இல் லண்டனுக்கு மாறிப்போன பிறகும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நியூட்டனின் கண்டிப்பான பக்திதான் கூப்பரைக் குலைத்தது என்று சொல்லும் எழுத்தாளர்களும் உண்டு. ஆனால் நியூட்டனைச் சந்திப்பதற்கு முன்பே, 1763இல், கூப்பருக்கு இதேபோன்ற ஒரு வீழ்ச்சி வந்திருந்தது. ஆகவே அதை நான் ஏற்கவில்லை. கூப்பரின் இருள் முழுவதுமாக விலகாமலேயே 1800இல் அவர் இறந்துபோனார். நியூட்டன் செய்தது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. கடவுள் என்னை விட்டுவிட்டார் என்று சொன்ன ஒருவரை, கடவுளின் ஆட்களில் ஒருவர் கடைசிவரை விடவில்லை.

கூப்பரின் கதை இன்னொரு எச்சரிக்கையும் தருகிறது. அந்த அக்காவுக்கு இருப்பது விசுவாசப் போராட்டமா, மருத்துவம் தேவைப்படும் மனச்சோர்வா என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் அதை லேசாக விடாதீர்கள். தனியாக விடாமல் கூட இருந்து, அன்றே உதவி தேடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர் என்பதை ஞாபகப்படுத்துங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் விஷயம். அவரிடம் கேட்காமல் போட வேண்டாம். ஜெபக்கூட்டத்தில் அவர் மனம் திறந்து சொன்னதுதான் ஏற்கெனவே நாலு பேர் வாயில் போயிருக்கிறது. மறுபடியும் ஒரு குழுவில் அவர் பெயரோடு "விசுவாசத்தில் தளர்ந்திருக்கிறார்" என்று வந்தால் அவர் உங்களிடமும் பேசமாட்டார். சம்மதித்தால், அவர் சொல்கிற வார்த்தைகளில், அவர் சொல்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் நம்பிக்கையான இரண்டு பேரோடு சேர்ந்து ஜெபியுங்கள். ஆலயத்துக்கு எப்போது வருவீர்கள் என்று முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் கேட்கவே வேண்டாம். அவராகவே ஒருநாள் வரலாமா என்று யோசித்தால், ஆராதனை ஆரம்பித்த பிறகு கடைசி வரிசையில் வந்து உட்காரலாம், முடிவதற்குள் கிளம்பிவிடலாம், யாரும் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லமாட்டார்கள் என்று சொல்லுங்கள். அதற்கு முன்பே போதகரிடமும் இதைப் பேசி வைத்துவிடுங்கள்.